சர்தானாக் கூத்தும் தொன்மை வழக்கும்

கட்டலோனியா நாட்டு வட்டக் கூத்தாகிய சர்தானாவைப் பற்றி எழுதினார் பலர், அதன் தொன்மையை நிறுவுதலே அதன் பெருமையை நிறுவுதல் எனக் கொண்டனர். ஹோமர் பாடிய கேடயத்தில் பொறித்த ஆடலையும், எம்பூரியஸ் கடற்கரையிற் குடியேறிய கிரேக்கரையும் சான்றாகக் காட்டுவாரும் உளர். பெயர் பழையது என்பதை யாம் மறுக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அது காணப்படுகின்றது. ஆயினும், பெயர்ப் பழமை வேறு. வடிவப் பழமை வேறு. இன்று பார்சிலோனாப் பேராலயத்தின் முன்றிலில் ஆடப்பெறும் வடிவம், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிகேரஸ் நகரைச் சார்ந்து எழுந்ததாகும்.

முன்னைய குறுஞ்சர்தானா 8 குறுந்தாள அளவும் 16 நெடுந்தாள அளவும் கொண்டு, என்றும் மாறாது நின்றது. அக்கட்டை நெகிழ்த்தி நெடுஞ்சர்தானாவை வளர்த்தவருள் தலைமையானவர் பெப் வெந்துரா (1817–1875). கட்டலன் மக்கள் தம் தேசியச் சின்னமாகப் போற்றும் இக்கூத்தின் இசையைச் சீரமைத்த அவர் பிறந்தது தென்கோடி அந்தலூசியாவில் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இரட்டைச் சீவாளி பொருத்திய தெனோரா என்னும் கருவியைப் பெர்ப்பிஞான் நகரத்து அந்திரேவு தொரோன் 1849இல் செம்மை செய்தார். அதனை நடுவாகக் கொண்டே இன்றைய இசைக்குழு அமைந்தது. இசைஞர் 11 பேர், கருவிகளோ 12. குழலூதுவார் ஒரு கையாற் குழலும் மறு கையாற் சிறுபறையும் இயக்குதலின் எண்ணிக்கை இவ்வாறாயிற்று.

இக்கூத்தின் உயிர்நிலை எண்ணுதலே என்பது எம் கருத்து. குற்றடிக்குக் கைகள் தாழ்ந்திருக்கும், நெட்டடிக்கு உயரும். குற்றடி இரண்டு தாள அளவிலும், நெட்டடி நான்கிலும் முடியும். யாப்பறிந்தார்க்குக் குறிலும் நெடிலும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஒவ்வொரு பாட்டிலும் பகுதிகளின் நீளம் வேறுபடும்; அதனை ஆடுவார்க்கு எவரும் முன்னர்ச் சொல்வதில்லை. முதன்முறை இசைக்கும்போதே கேட்டு, எண்ணிக் கணக்கிட்டு, இசை நிற்குமிடத்தில் அடியும் நிற்குமாறு பங்கிடல் வேண்டும். எண்ணுதற்கு அரிதாக வேண்டுமென்றே யாக்கும் சர்தானாவும் உண்டு. அதனை ரெவேசா என்பர். கைகோத்தாடல் ஒன்றே பற்றி நம் குரவையோடு இதனை ஒப்பிடுவார் இக்கணக்கை நோக்காதவர் ஆவர்.

உடை பற்றி விரித்தல் வேண்டா. செந்நிறத் தொப்பியும், இடைக்கச்சையும், மகளிர் கூந்தல் வலையும் மேடைக்குரியன. முன்றிலில் ஆடுவார் அன்றாட உடையினரே. பழகியவர் நாடாக் கட்டிய கயிற்றுச் செருப்பு மட்டும் அணிவர். தம் பைகளையும் மேலங்கிகளையும் வட்டத்தின் நடுவே குவித்துவிட்டு ஆடுவர்.

புதுமை ஒரு குறையாமோ எனின், ஆகாது. கிமெராவின் நாடகத்திற்கு என்ரிக் மொரேரா 1907இல் இசையமைத்த ‘புனித முள்’ என்னும் சர்தானாவைப் பிரிமோ தெ ரிவேராவின் ஆட்சி 1924இல் தடை செய்தது. அப்பாட்டிற்கு அன்று அகவை பதினேழே. ஒரு மக்களின் உள்ளத்தில் அது பெற்ற இடத்தை அரசு அளந்தறிந்த அளவிற்குத் தொன்மை வாதிகள் அறிந்திலர்.

பகுதியின் இறுதியில் அடியை முடிக்கும் முறையில் எம்புர்தா மரபும் செல்வா மரபும் தம்முள் வேறுபடும். அவ்வேறுபாடு தனியே ஆராயத்தக்கது.