பிரிவின் விளிம்பில் பிறந்த வெற்றிப் பாடல்

ஓர் இசைக்குழு கலையும் தறுவாயில் தரும் பாடல் பெருவெற்றி அடையும்போது, அந்த வெற்றியில் இசையின் பங்கு எவ்வளவு, பிரிவுச் செய்தி எழுப்பிய பரிவின் பங்கு எவ்வளவு என்று பகுத்தறிவதே முறையான அலசலாகும்.

ஜப்பானில் இளம் நட்சத்திரங்களாக வளர்த்தெடுக்கப்பட்டு ஆடிப்பாடும் கலைஞர்களை 'ஐடல்' என்பர். அவ்வகையைச் சேர்ந்த 'கேண்டீஸ்' என்னும் மூவர் குழு, தான் கலையப்போவதை 1977 ஜூலையில் மேடையிலேயே அறிவித்தது. 1978 பிப்ரவரியில் வெளியான அதன் 'ஹோஹோஎமி காஎஷி', குழுவின் பழைய பாடல்களின் பெயர்களை வரிகளுக்குள் பொதிந்து விடைபெறும் பாடலாகவே அமைந்தது. ரசிகர்களும் முனைந்து வாங்கியதால், இசைத்தட்டு விற்பனையைக் கணக்கிடும் 'ஓரிகான்' தரவரிசையில் அக்குழுவுக்கு முதலிடம் பெற்றுத்தந்த ஒரே பாடலாயிற்று.

தமிழில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்னும் திரை இசையமைப்பாளர் இணையின் பிரிவு. 1952இல் 'பணம்' படத்தில் தொடங்கிய இவ்விணை, சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் திரைப்பட நிறுவனத்தின் 'பாசவலை'க்கு 1956இல் இசையமைத்தது. அங்கே படப்பிடிப்புத் தளங்கள் மறைந்து முகப்பு வளைவு மட்டும் எஞ்சியிருக்க, இசை மட்டும் குன்றாமல் நிலைத்திருக்கிறது.

இருவரும் பிரிந்த 1965இல் வெளியான 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் 'அதோ அந்தப் பறவை போல' பாடலில் பிரிவின் சாயல் சிறிதும் இல்லை. கண்ணதாசன் எழுதிய அப்பாடலில், டி.எம்.சௌந்தரராஜனின் தனிக்குரல் முன்செல்ல, 'கோரஸ்' எனப்படும் கூட்டுக்குரல் அதை ஏந்திக்கொள்கிறது. அடிமைப்பட்டோர் கூட்டமாக விடுதலையை நாடும் காட்சிக்கு அக்கூட்டுக்குரல் வெறும் அலங்காரமாக நில்லாமல் பொருளாகவே ஆகிறது. எவரும் உடன்பாடக்கூடிய எளிமை மெட்டிலும், தளராத விரைவு தாளத்திலும் அமைந்திருப்பதால், 2014இல் படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோதும், பிரிவின் வரலாறு அறியாத தலைமுறையை அப்பாடலால் ஈர்க்க முடிந்தது.

கேண்டீஸின் பாடல் விடைபெறுதலையே தன் பொருளாக்கி வென்றது. தமிழ்ப் பாடலோ 13 ஆண்டுக் கூட்டுழைப்பின் முதிர்ச்சியால் வென்றது. வயலினில் தேர்ந்த ராமமூர்த்தியும் ஆர்மோனியத்தில் தேர்ந்த விஸ்வநாதனும் ஒருமித்து ஆக்கிய அப்பாடலை ஒருவர் பெயரால் மட்டும் வழங்குவது நியாயமன்று. அதன் புகழில் இருவருக்கும் சமபங்கு உண்டு.