தொண்ணூற்றெட்டு பேர்

"பாலவனத்தத்துல உட்கார்ந்துக்கிட்டு ஜப்பான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஆடுறதப் பத்தி எழுதுறியாக்கும்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். சுற்றிலும் சீமைக்கருவேலமும் மானாவாரி நிலமும். ஆனால் ‘லவ் லைவ்’ எனக்குப் பிடித்துப்போனதே இந்த ஊர்ப்பக்கம் வளர்ந்ததால்தான் என்று தோன்றுகிறது.

‘ஸ்கூல் ஐடல்’ என்பவர்கள் பள்ளியில் படித்துக்கொண்டே தாங்களாகக் குழு சேர்ந்து, பாட்டெழுதி, உடை தைத்து, மேடையேறும் மாணவிகள். 2010இல் தொடங்கிய இத்திட்டம் 2013இல் அனிமே தொடரானது. முதல் கதை ஒரு அறிவிப்பில் தொடங்குகிறது: சேர்க்கை குறைந்துவிட்டதால் பள்ளி மூடப்படும். மூன்றாம் ஆண்டுக்கு மூன்று வகுப்பு, இரண்டாம் ஆண்டுக்கு இரண்டு, முதலாம் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. பள்ளியைக் காப்பாற்றத்தான் ஒன்பது பேரும் ஆடுகிறார்கள், காப்பாற்றியும் விடுகிறார்கள். நல்ல கதைதான், ஆனா கொஞ்சம் சுலபமா முடிஞ்சிருது.

2016இல் வந்த ‘சன்ஷைன்’தான் என்னை உலுக்கியது. நுமாசு நகரை ஒட்டிய கடலோர ஊர்ப் பள்ளி. நூறு விண்ணப்பங்கள் வந்தால் பள்ளி பிழைக்கும். கெடு முடியும்போது தொண்ணூற்றெட்டு. அவ்வளவுதான், பள்ளி இணைக்கப்பட்டுவிடுகிறது. நான் படித்த தொடக்கப்பள்ளியும் இப்போது இல்லை. அதற்காக யாரும் ஆடவுமில்லை, எண்ணிக்கொண்டு விழித்திருக்கவுமில்லை.

பள்ளி போன பிறகு அந்தப் பெண்கள் ஏன் ஆட வேண்டும்? சக மாணவிகள் கேட்டுக்கொள்கிறார்கள்: போட்டியில் ஜெயித்து நம் பள்ளியின் பெயரையாவது பதித்துவிடுங்கள். ஸ்கூல் ஐடலின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது என்பேன். சினிமா நட்சத்திரம் தன் பெயருக்காக மேடையேறுகிறார். இவர்கள் ஒரு கட்டடத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். அதுவும் பள்ளிப் படிப்பு முடியும்வரைதான்.

இதே கதையை விற்கும் கைபேசி விளையாட்டில்தான் எனக்கு மனத்தாங்கல். அனிமேயில் உழைப்புக்கு மதிப்பு; விளையாட்டில் அதே பெண்கள் குலுக்கலில் விழும் அட்டைகள். காசு போட்டால் அரிய அட்டை கிடைக்க வாய்ப்பு கூடும். பிரியப்போகிறோம் என்ற ஏக்கத்தையே கடைச்சரக்காக்கிவிட்டார்கள். இவ்வளவும் தெரிந்துதான் நானும் ஆடினேன். 2023 மார்ச் 31 அன்று முதல் விளையாட்டு நிறுத்தப்பட்டபோது அட்டைகள் எல்லாமே போயின. தொடர் மட்டும் மனசில் நின்றது.

நம்மிடமும் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏற வேண்டும். அத்தை மகள் ஒயிலாட்டக் குழுவில் இருந்தாள். பரிசு அறிவிக்கும்போது பிள்ளைகளின் பெயரைச் சொல்லவில்லை, பள்ளியின் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். அதைக் கேட்டதுமே அவள் எழுந்து ஓடிவிட்டாள்.

நண்பனுக்கு என் பதில் இதுதான்.