கந்தீசாவும் என் அத்தாவும்

மேலைநாட்டு ராக் இசை என்றதும் நம் இல்லங்களில் முகம் சுளிப்போர் பலர். அவர்களைக் குறை கூற நான் எழுதவில்லை. திருவெள்ளறையில் எங்கள் வீட்டிலும் இசை என்றால் இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்களின் ஒலிநாடாக்கள்தாம். ஏனையவை வாசலுக்கு வெளியே நின்றன. அத்தகைய வீட்டில் வளர்ந்த செவியொன்று, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கந்தீசா’ என்னும் இசைத்தொகுப்பை எவ்வளவு தூரம் ஏற்றது, எங்கே தயங்கி நின்றது என்பதையே இங்குச் சொல்ல முற்படுகிறேன்.

இதனை ஆக்கியோர் டில்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழுவினர். சுஷ்மித் சென் கிதார். ராகுல் ராம் பேஸ் கிதாரும் குரலும். 2009-இல் மறைந்த அசீம் சக்ரவர்த்தி தபலாவும் குரலும். அமித் கிலாம் டிரம்ஸ். சந்தை கேட்பதை விடுத்துத் தமக்குத் தோன்றியதைத் தோன்றிய நீளத்திற்கு வாசிப்பவர்களாதலால், மாற்று ராக் என்னும் வரிசையில் இவர்களை வைக்கலாம். எங்களூரில் பல்லவர் காலத்துப் பெருங்கிணறு ஒன்றுண்டு. நாற்புறமும் படிகள் திரும்பித் திரும்பி இறங்கும்; ஒரு படியில் இறங்குபவரை மறுபடியில் இறங்குபவர் காணார்; நீரருகேதான் சந்திப்பர். இந்நால்வரின் வாசிப்பும் எனக்கு அப்படியே தோன்றிற்று.

‘ஹில்லே ரே’ என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. மேடைக்குரிய ஆரவாரம் அது. கூடத்தில் தனித்துக் கேட்பவனுக்குப் பாதியே கிடைக்கிறது. ‘மா ரேவா’வோ நருமதைக் கரை மக்களின் பாடல். அணை எதிர்ப்பு இயக்கத்தில் பங்கு கொண்டவர் ராகுல் ராம். அந்த உறவு பாட்டில் தெரிகிறது. கொள்ளிடம் மணல்வெளியாய்க் கிடந்த ஒரு கோடையில் இதைக் கேட்டேன். இந்தி அறியாத எனக்கும் இது ஓர் ஆற்றை அழைக்கும் குரல் என்பது விளங்கிற்று.

தலைப்புப் பாடல் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டிலிருந்து எடுத்தது, மொழி அரமேயம். தொடக்கத்தில் குரல்கள் அவசரமின்றி நீள்கின்றன. அடுத்த அறையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த அத்தா கையை நிறுத்தி, “யார் ஓதுகிறார்கள்?” என்றார்.

“ஓதவில்லை அத்தா, பாடுகிறார்கள்.”

“அலாஹா என்று வருகிறதே?”

பன்முறை கேட்டும் நான் கவனியாத சொல் அது! பின்னர்த் தேடிப் பார்த்தபோது, ‘கந்தீசா’ என்றால் தூயவன் என்பதும், அது நம் அஸ்மாவுல் ஹுஸ்னாவில் உள்ள ‘குத்தூஸ்’ என்னும் திருநாமத்தோடு ஒரே வேரில் கிளைத்தது என்பதும் தெரிந்தன. இசையே வேண்டாம் என்றிருந்தவர் செவிக்கு எட்டியது, இசைப்பித்தனான என் செவிக்கு எட்டவில்லை.

சற்றைக்கெல்லாம் டிரம்ஸ் ஏறியது, கிதார் உயர்ந்தது. “இனிக் குறைத்துவிடு வாப்பா” என்றார் அத்தா. மணிகள் மீண்டும் நகர்ந்தன. அன்று அதனை மார்க்கப் பேணுதல் என்று மட்டுமே கொண்டேன். அதில் கூரிய விமரிசனமும் இருந்தது என்று இன்று கருதுகிறேன். அதுவரை சொல்லைத் தாங்கி வந்த வாத்தியம் அவ்விடத்தில்தான் சொல்லை மூடத் தொடங்குகிறது. பாகிஸ்தானின் ‘ஜுனூன்’ குழு, புல்லே ஷாஹ்வின் பாடல்களைக் கொண்டு 1999-இல் வெளியிட்ட ‘பர்வாஸ்’ தொகுப்பிலோ கிதார் முதலிலேயே முன்னே நிற்கிறது. ஞானியின் சொல் அதன் பின்னால் நடக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் டில்லிக் குழுவினர் மிகப் பொறுமைசாலிகள்.

குணங்குடியார் தம் ஞானகுருவைத் திருச்சியிலே கண்டார் என்பர். அவர் பாடல்களை இத்தகைய பொறுமையோடு எடுத்தாளும் தமிழ்க் குழுவொன்றை இதுவரை நான் கேட்டதில்லை. கேட்க ஆவலுண்டு, அச்சமும் உண்டு.

அத்தா மறைந்து ஆண்டுகள் பலவாயின. கந்தீசாவில் அவ்விடம் வரும்போது என் கை தானாகவே ஒலியைக் குறைக்கிறது. சில இரவுகளில் குறைக்காமல் கேட்டும் விடுகிறேன்.