இரண்டு வீட்டுக் கதை

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜனத்தொகையைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற யோசனை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1969இல் பம்பாயில் இதற்கென்றே ஒரு தேசியக் கருத்தரங்கு கூடிற்று. 1980இல் ஐக்கிய நாடுகளின் ஜனத்தொகை நிதி உதவியோடு முறையான திட்டமும் வந்தது. தனிப் பாடம் வேண்டாம், பூகோளம், கணக்கு, விஞ்ஞானம், மொழி என்று மற்றப் பாடங்களோடு கலந்து கொடுப்போம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் மொழிப் பாடத்தில் கலந்தால் அது கதையாகிவிடுகிறது. கதை என்று வந்தபின் கதை எழுதுகிறவனுக்கும் இரண்டு வார்த்தை சொல்லப் பாத்தியதை உண்டு.

கதை நீங்கள் அறிந்ததுதான். ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள். சலவைச் சட்டை, டம்ளர் நிறையப் பால், அப்பா சிரிக்கிறார். அடுத்த வீட்டில் ஆறு. கிழிசல், இருமல், அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஏன் ஆறு? பாடம் எழுதியவர் அதைக் கேட்பதேயில்லை. பெற்றதில் எத்தனை தங்கும் என்று அவளுக்கு நிச்சயமிருந்ததா? அந்த வீட்டில் அவள் சொல் எடுபடுமா? ஆஸ்பத்திரி எத்தனை மைல்? காரணம் சொல்லாமல் பாத்திரங்களைத் தண்டிக்கும் கதையை எந்தப் பத்திரிகையும், தபால்தலை வைக்காவிட்டாலும்கூட, திருப்பி அனுப்பிவிடும்.

அதைவிடப் பெரிய தோஷம் ஒன்று. அந்த ஆறில் ஐந்தாவது, இதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. தான் பிறந்ததே பிசகு என்று அதன் வாயாலேயே உரக்க வாசிக்கச் சொல்கிறோம்.

கணக்குப் பாடம் எவ்வளவோ மேல். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.0 குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8. அப்படியும் நாட்டின் ஜனத்தொகை ஏறிக்கொண்டே போகிறது. எப்படி? முன்பு பிறந்த பெருங்கூட்டம் இப்போதுதான் தாய் தந்தையாகும் வயதுக்கு வந்திருக்கிறது. ஆளுக்கு இரண்டே பெற்றாலும், பெறுகிறவர்கள் அதிகம். சாகிற வயதுக்கு வந்தவர்கள் குறைவு. பன்னிரண்டு வயசுப் பையன் கையில் இந்தப் புதிரைக் கொடுத்துப் பாருங்கள். இதில் குற்றவாளி யாருமில்லை. முடிச்சு மட்டும் இருக்கிறது.

வீட்டுப் பாடமும் ஒன்று தரலாம். பாட்டிக்குச் சொல்ல இஷ்டமிருந்தால், அவள் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். மறுநாள் உபாத்தியாயர் பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் கரும்பலகையில் கூட்டிக் காட்டட்டும். அந்த ஒரு பீரியடுக்குப் பாடபுஸ்தகத்தை மூடி வைத்துவிடலாம்.