சுரங்க ஊரும் பள்ளி ஆசிரியையும்: ஜேனட் ஓக்கின் புதினமும் அதன் திரைவடிவமும்

முன்னுரை

வரலாற்றுக் காதற்கதை என்னும் இலக்கிய வகையினைத் திறனாய்வாளர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்தை எவ்வாறு நினைவிற்கொள்ள விழைகின்றது என்பதை அறிய இவ்வகை நல்ல சான்றாகின்றது. கனடிய எழுத்தாளர் ஜேனட் ஓக் 1983இல் வெளியிட்ட ‘வென் கால்ஸ் த ஹார்ட்’ என்னும் புதினமும், அதனைத் தழுவி ஹால்மார்க் அலைவரிசையில் 2014இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் இவ்வகையில் ஒப்பிடத்தக்கவை. புதினத்தில் இல்லாத நிலக்கரிச் சுரங்கம் தொடரில் இடம்பெற்றதையும், அதனால் கதை பெற்றதையும் இழந்ததையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

புதினத்தின் களம்

புதினத்தின் தலைவி எலிசபெத் தாட்சர் டொராண்டோவில் வளர்ந்த ஆசிரியை. கால்கரியில் வாழும் தமையனிடம் செல்லும் அவர், பைன் ஸ்பிரிங்ஸ் என்னும் குடியேற்ற ஊரில் ஓரறைப் பள்ளியொன்றை நடத்தும் பொறுப்பினை ஏற்கின்றார். மேற்குப் பகுதி ஆடவர் எவரையும் மணப்பதில்லை என்பது அவரது உறுதி. குதிரைப்படைக் காவலரான வின் டெலேனியோ தம் பணியும் இல்லறமும் ஒத்துவாரா என்று எண்ணுபவர். இவ்விரு உறுதிகளும் தளர்வதே கதையாகும். எலிசபெத்தே தன்மைக் கூற்றில் கதையைச் சொல்வதால் போராட்டம் அனைத்தும் அவரது மனத்துள்ளேயே நிகழ்கின்றது. எல்லைப்புற வாழ்வு நகர்ப்பெண்ணைச் சோதிக்கும் களமாக மட்டுமே அமைகின்றது. தன் எல்லையை அறிந்து எழுதப்பட்ட புதினம் இது எனலாம்.

தொடரில் சுரங்கம்

தொடரோ 1910இல், கோல் வேலி என்னும் கற்பனை ஊரில் தொடங்குகின்றது. சுரங்க வெடிப்பில் 47 பேர் இறந்துள்ளனர். பள்ளிக்கெனக் கட்டடம் இல்லாமையால் மதுக்கடையிலேயே வகுப்பு நடைபெறுகின்றது. வீடுகள் நிறுவனத்திற்கு உரியவை. ஆகவே கணவரை இழந்த பெண்கள் வீட்டையும் இழக்கும் நிலை எழுகின்றது. அதனைத் தவிர்க்க அவர்களே சுரங்க வேலைக்கு முன்வருகின்றனர். தொடரின் மிகச் சிறந்த பகுதி இதுவேயாகும். இங்கு ஆசிரியை மையத்தில் இல்லை. பிறர் துயரின் முன் தம் அறியாமையை உணர்பவராகவே நிற்கின்றார்.

தொல்காப்பியர் கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொழிலையும் எண்ணுவார். கருப்பொருள் வெறும் அணி அன்று. உரிப்பொருள் அதனோடு இயைந்தே பொருள் பெறும். இவ்வளவையால் நோக்கின், கைம்பெண்கள் இடம்பெறும் பகுதியில் தொழிலும் உணர்வும் ஒன்றியுள்ளன. ஆனால், எலிசபெத்துக்கும் காவலர் ஜாக் தோர்ன்டனுக்கும் இடையிலான காதல் வளர வளர, சுரங்கம் பின்னணி ஓவியமாகச் சுருங்குகின்றது. சுரங்கம் மூடப்பட்டதும் மர அறுவை ஆலை வருகின்றது. ஊரின் பெயரும் ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும் ஹோப் வேலி என்றாகின்றது. பெயர் மாறியதோடு துயரும் தீர்ந்ததாகக் கதை கருதுகின்றது.

வரலாறு கூறுவது

ஆல்பர்ட்டா மாநிலத்தின் குரோஸ்நெஸ்ட் கணவாய்ப் பகுதியில் இத்தகைய ஊர்கள் மெய்யாகவே இருந்தன. அங்குள்ள பெல்வியூ சுரங்கத்தில் 1910 டிசம்பரில் நேர்ந்த வெடிப்பில் 31 பேர் மாண்டனர். 1914 ஜூன் 19ஆம் நாள் ஹில்கிரெஸ்ட் சுரங்கத்தில் இறங்கிய 235 பேருள் 189 பேர் உயிரிழந்தனர். கனடாவின் மிகக் கொடிய சுரங்கப் பேரிடர் இதுவே. பலர் பொதுக்குழிகளில் அடக்கம் செய்யப்பட்டனர். வெடிப்பைத் தூண்டிய பொறி எங்கு எழுந்தது என்பது விசாரணையிலும் உறுதிப்படவில்லை.

இவ்விடத்தில்தான் வரலாறும் காதற்கதையும் பிரிகின்றன. தொடரில் நிறுவனத்தின் அலட்சியம் வெளிப்படுகின்றது. பழி ஹென்றி கவன் என்னும் மேலாளர் மீது குவிகின்றது. தீயவன் ஒருவனைக் காட்டினால் கதைக்கு நிறைவு கிட்டும். ஹில்கிரெஸ்ட் மக்களுக்கு அந்நிறைவு கிட்டவில்லை. மேலும், 1911இல் அக்கணவாய்ச் சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ எட்டுத் திங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அத்தகைய கூட்டுப் போராட்டம் கதையை நகர்த்தும் ஆற்றலாகத் தொடரில் அமையவில்லை. காவலர் காதலனாக வருவதால், தொழிலாளர்க்கும் காவல்துறைக்கும் இடையே இருக்கக்கூடிய பிணக்கும் மறைந்துவிடுகின்றது.

வகுப்பறையும் மொழியும்

ஆசிரியர்கள் கருதத்தக்க குறை மற்றொன்றும் உண்டு. அச்சுரங்க ஊர்களில் பிரித்தானியரோடு இத்தாலியரும் சிலாவிய இனத்தவரும் பெருமளவில் உழைத்தனர். அவர்தம் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஆங்கிலமும் கொண்டு வளர்ந்தவர்கள். பள்ளிமொழி அக்காலத்தில் அரசியல் சிக்கலாகவும் இருந்தது. 1913இல் ஆல்பர்ட்டா அரசு, வேளாண் குடியேற்றப் பகுதிகளில் பணியாற்றிய உக்ரேனிய ஆசிரியர்களைத் தகுதியற்றவர் எனக் கூறி நீக்கியது. எலிசபெத்தின் வகுப்பறையிலோ மொழிச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. அவரது அன்பு மெய்யானதே. எனினும் எந்த மொழியில் அந்த அன்பு கற்பித்தது, எதனைப் பேசாதிருக்கச் செய்தது என்னும் வினாவைத் தொடர் எழுப்பவில்லை.

முடிவுரை

சுரங்கத்தைச் சேர்த்ததால் தொடர் புதினத்தைவிட ஆழம் பெற வாய்ப்பிருந்தது. தொடக்கத்தில் அவ்வாய்ப்பினைப் பயன்படுத்தியும் கொண்டது. பின்னர்க் காதலுக்கு இடையூறாகும் என்றஞ்சி வரலாற்றைக் கைவிட்டது. காதற்கதை இன்பமாக முடிதல் குற்றமன்று. இறந்தோரை மறந்தால்தான் இன்பம் கிட்டும் என்பது போல் அது முடிதலே குற்றமாகும். வேலை போனால் வீடும் போகும் என்பதைத் தோட்டப்புறங்களில் கண்டறிந்த நம் ஆசிரியர்கள், இத்தொடரின் முதற்பகுதியை மாணவரோடு படித்துப் பார்க்கலாம். பெயர் மாற்றப்பட்ட ஊரின் பழைய பெயரைக் கேட்பதிலிருந்து அப்பாடம் தொடங்கலாம்.