கருவி வழியே ஜாஸ் இசை

ஜாஸ் இசையைப் புதிதாகக் கேட்கப் புகுவோர்க்குக் கூறப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இருவகையின. வரலாற்றை முதலிற் கற்க என்பது ஒன்று. புகழ் பெற்றோர் பட்டியலை வரிசையாகக் கேட்டு முடிக்க என்பது மற்றொன்று. இரண்டும் நல்லனவே. ஆயினும், பெயர்களை ஒப்புவிக்க வல்லவராய், இசையின் சுவையறியாது நிற்போரையும் இவை உண்டாக்கிவிடுகின்றன. மூன்றாவது வழியொன்றும் உண்டு. தம் உள்ளம் விழையும் இசைக்கருவி ஒன்றைத் தேர்ந்து, அதனைப் பின்பற்றிச் செல்வதே அது. இவ்வழியின் நிறையும் குறையும் ஆராயத்தக்கன.

முதற்கண் நிறையைக் காண்போம். ஜாஸ் இசையில் மெட்டு என்பது பெரும்பாலும் தொடக்கமே. அதன்மேல் கலைஞன் அவ்வப்போது புனைந்து வாசிப்பதே அதன் உயிர். சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939-ஆம் ஆண்டில் பதிவு செய்த ‘பாடி அண்ட் சோல்’ இதற்குத் தக்க சான்று. அவர் மெட்டைத் தொடக்கத்தில் கோடிட்டுக் காட்டிவிட்டு, உடனே அதனின்றும் விலகிச் செல்கிறார். மெட்டைத் தேடுவோர் அங்கே வழி தவறுவர். சாக்ஸபோனின் ஒலியையே பற்றிச் செல்வோரோ ஒரு குரல் சொல்லும் கதையைக் கேட்பதுபோல் இறுதிவரை உடன் செல்வர். தொடக்கநிலையினர்க்கு இது பெருந்துணை.

இனிக் குறையைக் காண்போம். டிரம்பெட்டை விரும்பும் ஒருவர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-ஆம் ஆண்டு சூன் திங்களில் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ இசைத்தட்டைக் கேட்பதாகக் கொள்வோம். துணையின்றித் தனித்தெழும் டிரம்பெட்டின் முழக்கம் கால் நிமிடமும் நீடிப்பதில்லை. எனினும் கேட்போரை நிமிர்ந்து அமரச் செய்கிறது. இடையில் ஆம்ஸ்ட்ராங் கருவியைத் தாழ்த்திவிட்டுப் பொருளற்ற அசைகளால் மெல்லப் பாடுகிறார். கிளாரினெட் ஒன்று கூற, அவர் குரல் மறுமொழி தருகிறது. பின்னர் ஏர்ல் ஹைன்ஸின் பியானோ ஒலிக்கிறது. அதன் பின்னரே டிரம்பெட் மீண்டும் வந்து, ஓர் உயர்ந்த சுரத்தை நெடுநேரம் நீட்டி நிற்கிறது. தம் கருவி ஒலிக்காத இடங்களை வெற்றிடமெனத் தள்ளுவோர்க்கு அச்சுரம் வெறும் மூச்சு வலிமையாகவே தோன்றும். முன்னிருந்த மென்மையைக் கேட்டவரே அதன் பெருமிதத்தை அறிவர்.

இக்குறைக்கு மருந்தும் ஓர் இசைத்தட்டிலேயே உளது. மைல்ஸ் டேவிஸ் குழுவினர் 1959-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்பது அது. அதன் முதற்பகுதியாகிய ‘சோ வாட்’டில், பின்னின்று தாங்குவதாகக் கருதப்படும் பாஸ் என்னும் பெருநரம்புக் கருவியே மெட்டை எடுத்துரைக்கிறது. பால் சேம்பர்ஸ் அதனை மீட்ட, முதலில் பியானோவும் பின்னர் ஊதுகருவிகளும் இரண்டே ஒலிகளால் விடையளிக்கின்றன. அடுத்து டேவிஸின் டிரம்பெட் சிலவே கூறி, இடைவெளி விட்டுச் செல்கிறது. அதன்பின் இரு சாக்ஸபோன்கள். ஜான் கோல்ட்ரேன் அடர்ந்து விரைந்து தேடுகிறார். கேனன்பால் ஆடர்லி மலர்ந்து களித்து உரையாடுகிறார். கருவி ஓரினமே; உள்ளம் இரண்டு. ‘எனக்குச் சாக்ஸபோன் பிடிக்கும்’ என்று வந்தவர், தமக்குப் பிடித்தது கருவியா, அதனை ஊதும் மனிதரா என்று தம்மையே வினவ வேண்டியவராகிறார்.

இவ்வினா சிறிதன்று. நியூ ஆர்லியன்ஸில் இவ்விசையை வளர்த்த கறுப்பின மக்கள், ஐரோப்பிய இசைக்குழுக்களின் கருவிகளைக் கையேற்றுத் தம் குரலாக்கிக் கொண்டோர். அவர்களுள் பலர்க்கு நாட்டில் சம உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் அது. கருவியின் ஒலியில் மயங்கி, அதன் வழியே பேசும் மனிதரை மறப்பது அவர்தம் கலைக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆகவே, விரும்பும் கருவி வாயிலாக அமைக; அதுவே வீடாகிவிடலாகாது. ஓர் இசைத்தட்டை மும்முறை கேட்பது நன்று. முதன்முறை தம் கருவியைப் பின்பற்றுக. மறுமுறை அதற்கு விடை கூறும் கருவியைக் கேட்க. மூன்றாம் முறை பாஸையும் முழவையும் மட்டும் கவனிக்க. பிறகு முதலில் விரும்பிய கருவியிடம் மீள்வோர்க்கு, அது முன்னினும் தெளிவாகப் பேசும்.