சுங்குடியின் பாதிப் புள்ளி

பத்திரிகைச் சித்திரங்களில் சேலை பற்றி நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார் தலைவர் ஐயா. அவர் சொல்லைத் தட்ட முடியாது. ஓவியர்கள் மாலி, கோபுலு, மணியம் வழிகளை நம் உறுப்பினர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மாலி பெயர் சூட்டிய கோபுலு, தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைப் படங்களில் நாலைந்து கோடுகளிலேயே பட்டின் கனத்தைக் கொண்டுவந்தார். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனில் குந்தவைக்கும் நந்தினிக்கும் கொண்டையிலேயே குணத்தைக் காட்டினார் மணியம். அடுத்து ஜெயராஜ், புதுக்கோட்டை தந்த மாருதி, மணியத்தின் மகன் மணியம் செல்வன்.

பிரான்சிலும் இப்படி ஒரு குடும்ப வழி உண்டு. ஓவியர் அலெக்சாந்தர் கோலேனின் மகள்கள் எலோயிஸ், அனாயிஸ், லோர் மூவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள் பத்திரிகைகளுக்கு உடைச் சித்திரங்கள் வரைந்தார்கள். வாசகிகள் அந்தப் படத்தைக் காட்டித்தான் தையல்காரரிடம் உடை தைக்கச் சொல்வார்கள். மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் தவறவே கூடாது.

எங்கள் ஓவிய வாத்தியாருக்கு அந்தச் சகோதரிகளின் பெயர் தெரியாது. கண்டிப்பு மட்டும் அதே கண்டிப்பு. ஒட்டன்சத்திரத்தில் அவர் வீட்டுத் திண்ணை ஆணியில் ஒரு சின்னாளபட்டிச் சுங்குடியைத் தொங்கவிடுவார். ஒரு வாரம் முழுக்க அதே சேலைதான். மடிப்பில் விழும் புள்ளி பாதிதான் தெரியும்; அதை முழுசாகப் போட்டால், "துணியத் தகரமாக்கிட்டியேடா" என்பார். கொசுவம் இறங்கும் இடத்தில் நிப்பை அழுத்தி, தரையைத் தொடும்முன் மெல்லத் தூக்க வேண்டும். எனக்கு அது கைவர இரண்டு வருஷம் ஆனது.

இன்று வரைபவர்களில் திறமைசாலிகள் உண்டு; யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுகிறார்கள். நம் ஊர்ப் பெண்ணின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடுகிறது. தொடர்கதைப் படத்தில் பார்த்தேன், காலண்டரில் பார்த்தேன், கல்யாண ஃபிளெக்ஸில் பார்த்தேன். சேலைக் கடை விளம்பரத்திலேயே பார்த்தபோது அன்று சாப்பாடு இறங்கவில்லை. கரை ஒரு மடிப்பிலும் உடையாமல் ஸ்கேல் வைத்ததுபோல் ஓடுகிறது. கொசுவம் எந்தப் பக்கம் என்று வீட்டில் அம்மாவைக் கேட்டாலே தெரியுமே! கேட்கக்கூட ஆளில்லாமல் போனால் நூறு வருஷத்துக் கோடு நம் கண்முன்னே அழிந்துவிடும்.

அடுத்த ஆண்டுப் போட்டியில் நிப்பும் இண்டியன் இங்க்கும் மட்டும் வைத்துச் சேலை வரையும் பிரிவு ஒன்றைச் சேர்க்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வாத்தியாரின் சுங்குடி என்னிடம்தான் இருக்கிறது. கொண்டுவந்து தொங்கவிடுகிறேன்.